பயோமெடிக்கல் ஆனர்ஸ் ப்ராஜெக்ட்டை உருப்படியா முடிக்கிறது எப்படி

ஆனர்ஸ் வருஷத்துல உங்களுக்கு மார்க் போடப்போறவங்க பெரும்பாலும் உங்க லேப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க. நீங்க ராத்திரி வரைக்கும் கல்ச்சர் ரூம்ல நின்னது, சென்ட்ரிஃப்யூஜ் ரிப்பேராகி வேலை நின்னுபோனது, இதெல்லாம் அவங்களுக்குத் தெரியாது. அவங்க கையில இருக்கிறது தீசிஸ், கூட ஒரு செமினார், சில இடத்துல ஒரு வைவா (நேர்ல கேள்வி கேட்கிற தேர்வு), அவ்ளோதான். புதுசா வர்றவங்க நிறைய பேரு பெருசா ஏதாவது கண்டுபிடிச்சாதான் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு நினைச்சுக்கிட்டு கடைசி வாரம் வரைக்கும் எக்ஸ்பெரிமெண்ட் பண்ணிக்கிட்டே இருக்காங்க, எழுதுறதுல கோட்டை விட்டுடுறாங்க. எக்ஸாமினர் பார்க்கிறது வேற. இந்தக் கேள்வியை ஏன் எடுத்தீங்க, எடுத்த மெத்தட் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமா, கண்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற சாம்பிள்) இருக்கா, வந்த டேட்டா எதுவரைக்கும் பேசுது எங்க நின்னுடுதுன்னு உங்களுக்குத் தெரியுதா. இந்த நாலும் இருந்தா ரிசல்ட் நெகட்டிவா வந்தாலும் மார்க் வரும்.

சில நாட்டுல ஆனர்ஸ்னா டிகிரி முடிச்சப்புறம் தனியா ஒரு வருஷம், சில நாட்டுல நாலு வருஷ டிகிரியோட கடைசி வருஷம். எதுவா இருந்தாலும் கிளாஸ், ப்ரொபோசல், லீவு, எழுதுற நேரம் எல்லாம் கழிச்சுட்டுப் பார்த்தா பெஞ்சுல நிக்க ஆறு மாசம் கிடைச்சா பெரிய விஷயம். கீழ நான் சொல்றது எல்லாமே அந்த ஆறு மாசக் கணக்குலதான்.

லேப் தேடும்போது

டாபிக் பார்த்து மயங்காதீங்க. கேன்சர், அல்சைமர்ஸ், ஸ்டெம் செல்னு தலைப்பு எல்லாம் சூப்பரா இருக்கும், ஆனா தினமும் உங்க பக்கத்துல நின்னு பிப்பெட் பிடிக்கிறதுல இருந்து சொல்லித் தரப்போறது சூப்பர்வைசர் கிடையாது, அந்த லேப்ல இருக்கிற போஸ்ட்டாக்கோ பிஎச்டி ஸ்டூடண்ட்டோ ரிசர்ச் அசிஸ்டண்ட்டோதான். அதனால முதல் மீட்டிங்ல கேட்க வேண்டிய முதல் கேள்வி "எனக்கு யார் சொல்லித் தருவாங்க, அவங்க இந்த வருஷம் முழுக்க இங்க இருப்பாங்களா"ன்னுதான். பதில் மழுப்பலா வந்தா கொஞ்சம் யோசிங்க. போன வருஷம் அதே லேப்ல ஆனர்ஸ் பண்ணவங்களைத் தேடிப்பிடிச்சு தனியா பேசுங்க, தீசிஸ் டிராஃப்ட்டை சூப்பர்வைசர் எத்தனை நாள்ல திருப்பிக் கொடுத்தாருன்னு கேளுங்க, அந்த ஒரு பதிலே நிறைய சொல்லிடும்.

அடுத்தது, நீங்க பண்ணப்போற டெக்னிக் அந்த லேப்ல இப்போ ஓடிக்கிட்டு இருக்கா? "நீ வந்து செட் பண்ணிக் கொடு"ன்னா அது ஆனர்ஸ் ப்ராஜெக்ட் இல்ல. உதாரணத்துக்கு கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டுற டெக்னிக் வச்சு ஒரு ஜீனை நாக்கவுட் பண்ணி (வேலை செய்யவிடாம ஆக்கி) அந்த செல்லுல மருந்து டெஸ்ட் பண்ணலாம்னு சொல்வாங்க, கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனா கைட் ஆர்என்ஏ டிசைன் பண்ணி, டிரான்ஸ்ஃபெக்ட் பண்ணி, ஒரே ஒரு செல்லுல இருந்து குளோன் வளர்த்து, சீக்வென்ஸ் பண்ணி, புரோட்டீன் நிஜமாவே போயிடுச்சான்னு வெஸ்டர்ன் பிளாட்ல (ஆன்டிபாடி வச்சு ஒரு புரோட்டீனைக் கண்டுபிடிக்கிற முறை) பார்த்து முடிக்கிறதுக்குள்ள மாசக்கணக்குல போயிடும், இத்தனைக்கும் மெயின் கேள்வியை நீங்க இன்னும் தொடவே இல்ல. நாக்கவுட் செல் லைன் (லேப்ல தொடர்ந்து வளர்க்கிற ஒரே வகை செல்) ஏற்கனவே ஃப்ரீசர்ல இருந்தா தாராளமா எடுத்துக்கோங்க.

இன்னொண்ணு, சூப்பர்வைசர்கிட்ட நேராவே கேட்டுடுங்க: "ஹைபாதிசிஸ் தப்பா போனா இந்த ப்ராஜெக்ட்ல என்ன மிஞ்சும்?" நல்ல ப்ராஜெக்ட்டுக்கு இதுக்குப் பதில் இருக்கும்.

எத்திக்ஸ், சேஃப்டி, ஊசி

இது போர் அடிக்கிற பகுதி, ஆனா இதுலதான் மாசக்கணக்குல மாட்டிக்கிட்டு நிப்பாங்க. மனுஷங்ககிட்ட இருந்து எடுத்த ரத்தம், திசு, மெடிக்கல் ரெக்கார்டு எதைத் தொட்டாலும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேணும். 1964-ல வந்த ஹெல்சிங்கி பிரகடனத்தை (மனுஷங்க மேல பண்ற ஆராய்ச்சிக்கான நெறிமுறை) 1975-ல திருத்தினதுல இருந்து இது உலகம் பூரா இருக்கிற வழக்கம். விலங்குகள்னா அதுக்குத் தனி கமிட்டி, தனி டிரெய்னிங். 1959-ல ரஸ்ஸலும் பர்ச்சும் சொன்ன மூணு விஷயத்தை அங்க கேட்பாங்க: விலங்கு இல்லாம இதைப் பண்ண முடியாதா, எண்ணிக்கையைக் குறைக்க முடியாதா, அதுங்க படுற வேதனையைக் குறைக்க முடியாதா. புதுசா அப்ளிகேஷன் போட்டு அனுமதி வாங்கி ஆரம்பிக்கிற அளவுக்கு ஆனர்ஸ்ல நேரம் கிடையாது, அதனால லேப்ல ஏற்கனவே அப்ரூவல் இருக்கான்னு பாருங்க, இருந்தா அதுல உங்க பேரைச் சேர்த்தாங்களான்னும் பாருங்க. ரெண்டாவது விஷயம் ரொம்ப பேருக்கு விட்டுப்போகும். பேரு இல்லாம ஒரு சாம்பிள் தொட்டாலும் அந்த டேட்டாவை தீசிஸ்ல போட முடியாம போகலாம்.

மனுஷ ரத்தம் கையாளப்போறீங்கன்னா ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி கேட்பாங்க. வழக்கமான ஷெட்யூல்ல முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. அதாவது ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச அன்னைக்குப் போய் முதல் ஊசி போட்டுக்கிட்டா கோர்ஸ் முடியறப்ப ப்ராஜெக்ட்டும் முடிஞ்சிருக்கும். சின்ன வயசுல போட்டிருந்தா அந்த ரெக்கார்டை இப்பவே தேடி எடுத்து வச்சுக்கோங்க.

சேஃப்டி இண்டக்‌ஷனைத் தூங்கிக்கிட்டே கேட்காதீங்க. அக்ரிலமைடு பாலிமர் ஆகுறதுக்கு முன்னாடி நரம்புக்கு விஷம், மருந்தைக் கரைக்கிற டிஎம்எஸ்ஓ தோல் வழியா உள்ள போகும், போகும்போது தன்கிட்ட கரைஞ்சு இருக்கிறதையும் கூட்டிக்கிட்டுப் போகும், லிக்விட் நைட்ரஜன் மூடின ரூம்ல ஆவியானா ஆக்ஸிஜன் குறைஞ்சு மயக்கம் போட்டு விழுறது உங்களுக்கே தெரியாது. கிளவுஸ் போட்ட கையோட கதவுக் கைப்பிடி, போன், கீபோர்டு தொடாதீங்க. இதைச் சொல்லிக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு.

படிக்கிறது, கேள்வியைச் சுருக்குறது

முதல் மூணு நாலு வாரம் படிக்கத்தான் விடுவாங்க. பப்மெட்ல தேடினா ஆயிரக்கணக்குல பேப்பர் வந்து விழும், எல்லாத்தையும் படிக்கணும்னு உட்கார்ந்தா வருஷம் போயிடும். நான் சொல்ற வழி என்னன்னா, முதல்ல அந்த டாபிக்ல சமீபத்துல வந்த ரிவ்யூ ரெண்டு மூணு, அப்புறம் உங்க லேப்ல இருந்தே வந்த பேப்பர்கள், அப்புறம் போன வருஷ ஆனர்ஸ் தீசிஸ் ஒண்ணு. கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம், எவ்ளோ எழுதினா போதும், எவ்ளோ டேட்டா எதிர்பார்க்கிறாங்கன்னு அதுலதான் தெரியும். பேப்பர் படிக்கும்போது அப்ஸ்ட்ராக்ட்டை நம்பி நிறுத்திடாம ஃபிகரையும் மெத்தட்ஸையும் பாருங்க, எந்த செல் லைன், எவ்ளோ டோஸ், எத்தனை மணி நேரம், எத்தனை தடவை பண்ணாங்கன்னு ஒரு டேபிளா போட்டுக்கிட்டே வாங்க. அந்த டேபிள் அப்புறம் உங்க இன்ட்ரொடக்‌ஷனுக்கும் டோஸ் முடிவு பண்றதுக்கும் டிஸ்கஷனுக்கும் மூணு தடவை உதவும். ரெஃபரன்ஸைச் சேர்த்து வைக்கிற சாஃப்ட்வேர், சொடேரோவோ எண்ட்நோட்டோ ஏதோ ஒண்ணை முதல் நாளே இன்ஸ்டால் பண்ணிடுங்க, ரெஃபரன்ஸை கையால டைப் பண்றவங்களுக்குக் கடைசி வாரம் நரகம்.

எய்ம் ரெண்டு வைங்க, மிஞ்சிப்போனா மூணு. ஒண்ணை ஒண்ணு நம்பி இருக்கக்கூடாது. முதல் எய்ம் வேலை செஞ்சாத்தான் ரெண்டாவது ஆரம்பிக்க முடியும்னு வச்சுட்டீங்கன்னா, முதலாவது இழுத்துச்சுன்னா எல்லாமே இழுத்துக்கிட்டுப் போயிடும். "மருந்து எக்ஸ் கேன்சர் செல்லுல என்ன பண்ணுது"ன்னு இருக்கிற கேள்வியை "இந்த ஒரு செல் லைன்ல, இந்த டோஸ்ல, 48 மணி நேரத்துல, அப்பாப்டோசிஸ் (செல் தானே திட்டமிட்டுச் சாகுறது) வழியாத்தான் செல் சாகுதா"ன்னு சுருக்கிட்டு வாங்க. சுருக்கினா சின்னதா தெரியும், தெரியட்டும். ப்ரொபோசல் டாக்ல கமிட்டி கேட்கிற முதல் கேள்வியே "இதெல்லாம் நேரத்துக்குள்ள முடியுமா"ன்னுதான் இருக்கும்.

காலெண்டரைப் பின்னாடி இருந்து போடுங்க

சப்மிஷன் தேதியை எழுதுங்க. அதுல இருந்து ஆறு வாரம் பின்னாடி வந்து ஒரு கோடு போடுங்க, முடிஞ்சா எட்டு வாரம். அந்தக் கோட்டுக்கு அப்புறம் புது எக்ஸ்பெரிமெண்ட் கிடையாது, பாதியில இருக்கிற ரிப்பீட் மட்டும். இந்தக் கோட்டை சூப்பர்வைசர்கிட்ட ஆரம்பத்துலயே காட்டி ஓகே வாங்கிடுங்க, ஏன்னா கடைசியில அவருக்கே ஆசை வரும், "இந்த ஒரு வெஸ்டர்ன் மட்டும் ஓட்டிடு, ஃபிகர் முழுசாயிடும்"னு, அப்போ காட்ட உங்க கையில பேப்பர் இருக்கணும்.

மீதி இருக்கிற நேரத்துல பாதி ஆப்டிமைசேஷனுக்குப் போயிடும்னே கணக்கு வைங்க. ஆன்டிபாடி, ப்ரைமர், கிட் எல்லாம் ஆர்டர் பண்ணா வர்றதுக்கு வாரக்கணக்குல ஆகலாம், அதனால ப்ரொபோசல் எழுதும்போதே ஆர்டர் லிஸ்ட் போயிடணும். லிக்விட் நைட்ரஜன்ல இருந்து எடுத்த செல்லை மறுநாளே எக்ஸ்பெரிமெண்ட்டுக்கு எடுக்காதீங்க, ரெண்டு மூணு பாசேஜ் (வளர்ந்த செல்லைப் பிரிச்சுப் புது ஃப்ளாஸ்க்குக்கு மாத்துறது) போய் ஒழுங்கா வளர ஆரம்பிக்கட்டும். மைக்ரோஸ்கோப், ஃப்ளோ சைட்டோமீட்டர் மாதிரி எல்லாரும் பங்கு போடுற மெஷினுக்கு டிரெய்னிங்குக்கே க்யூ இருக்கும், அதையும் முதல் மாசத்துலயே புக் பண்ணுங்க.

பெஞ்சுல

இங்கதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கப்போறேன், ஏன்னா தீசிஸ்ல மார்க் போறதும் வர்றதும் கண்ட்ரோல்லதான்.

எந்த எக்ஸ்பெரிமெண்ட்டுக்கும் முன்னாடி நோட்டுல கண்ட்ரோலை எழுதுங்க, அதுக்கப்புறம் சாம்பிளை எழுதுங்க. மருந்தை டிஎம்எஸ்ஓல கரைச்சிருந்தா, அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட செல் வேணும், சும்மா மீடியா போட்ட செல் கண்ட்ரோல் ஆகாது. எல்லா டோஸ்லயும் டிஎம்எஸ்ஓ அளவு ஒரே மாதிரி இருக்கணும், டோஸ் ஏற ஏற டிஎம்எஸ்ஓவும் ஏறிச்சுன்னா செல்லைக் கொன்னது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. எம்டிடி அஸே பண்றீங்கன்னா அது அளக்கிறது செல்லோட மெட்டபாலிசத்தை, செல் எண்ணிக்கையை நேரடியா இல்ல. மருந்து செல்லைக் கொல்லாம மெட்டபாலிசத்தை மட்டும் மந்தமாக்கினாலும் நம்பர் இறங்கும், அதனால கூடவே வேற ஏதாவது ஒரு வழியிலயும் செக் பண்ணிடுங்க, ட்ரிபான் ப்ளூ (செத்த செல்லை நீலமாக்குற சாயம்) போட்டு எண்ணினாக்கூட போதும். 96 வெல் (குழி) பிளேட்ல ஓர வெல்கள்ல இருந்து தண்ணி சீக்கிரம் ஆவியாகும், அங்க சாம்பிள் போடாம பிபிஎஸ் (உப்புக் கரைசல்) ஊத்தி விட்டுடறது நல்லது.

க்யூபிசிஆர்ல (ஜீன் எவ்ளோ வேலை செய்யுதுன்னு அளக்கிற முறை) ரெண்டு கண்ட்ரோலை மறக்கவே கூடாது. டெம்ப்ளேட் போடாத வெல் ஒண்ணு, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்துற என்சைம்) போடாத சாம்பிள் ஒண்ணு. முதலாவதுல சிக்னல் வந்தா உங்க ரீஏஜெண்ட்ல கலப்படம் இருக்கு, இல்லன்னா ப்ரைமர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. ரெண்டாவதுல வந்தா ஜீனோமிக் டிஎன்ஏ சாம்பிளுக்குள்ள இருக்கு. ப்ரைமர் எஃபிஷியன்சியை பத்து பத்து மடங்கா நீர்க்கவச்சு ஒரு தடவை பார்த்துடுங்க, ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 3.3 சைக்கிள் தள்ளி வரணும், 90-ல இருந்து 110 சதவீதத்துக்குள்ள இருந்தா சரி. ஹவுஸ்கீப்பிங் ஜீன்னு (அளவு மாறாதுன்னு நம்பி ஒப்பிட எடுக்கிற ஜீன்) எல்லாரும் யோசிக்காம ஜிஏபிடிஎச் எடுப்பாங்க, அது கிளைகாலிசிஸ் என்சைம், ஆக்ஸிஜனைக் குறைச்சு செல் வளர்க்கிற எக்ஸ்பெரிமெண்ட்ல அதுவே ஏறிடும், அப்புறம் அதை வச்சு நார்மலைஸ் பண்ண எல்லா நம்பரும் பொய். க்யூபிசிஆருக்காக 2009-ல வந்த மைக்யூஇ கைட்லைன்ல இதெல்லாம் வரிசையா இருக்கு, மெத்தட்ஸ் எழுதும்போது பக்கத்துல திறந்து வச்சுக்கோங்க.

வெஸ்டர்ன் பிளாட்டைப் பத்தி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். டிரான்ஸ்ஃபர் ஆன உடனே பான்சோ எஸ் சாயம் போட்டு புரோட்டீன் மெம்ப்ரேனுக்கு வந்திருக்கான்னு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை, இதைப் பண்ணாம ரெண்டு நாள் ஆன்டிபாடி போட்டு உட்கார்ந்து வெறும் வெள்ளை மெம்ப்ரேனைப் பார்க்கிறவங்க எல்லா லேப்லயும் உண்டு. பாஸ்போ புரோட்டீன் (பாஸ்பேட் ஒட்டின புரோட்டீன்) பார்க்கிறீங்கன்னா பால் பவுடர்ல பிளாக் பண்றதை முடிஞ்சவரை தவிருங்க, பால்ல இருக்கிற கேசீனே பாஸ்போ புரோட்டீன், பேக்ரவுண்டு எகிறலாம், பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரோட்டீன்) போடுங்க. பேண்டு கறுப்பா பளிச்சுன்னு இருந்தா சந்தோஷப்படாதீங்க, சாச்சுரேட் ஆயிருந்தா அதை அளந்து கிராஃப் போடுறதுல அர்த்தமே இல்ல, எக்ஸ்போஷர் குறைச்சு இன்னொரு இமேஜ் எடுங்க. ஒரிஜினல் இமேஜ் ஃபைலை அப்படியே பத்திரமா வைங்க, வெட்டாம, பிரைட்னஸ் மாத்தாம. தீசிஸ்ல போடும்போது ரெண்டு வேற ஜெல்லுல இருந்து லேனை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சா நடுவுல கோடு போட்டுக் காட்டி லெஜெண்டுல சொல்லணும். சொல்லாம ஒட்டினா அதுக்குப் பேரு மோசடி, தெரியாம பண்ணேன்னு சொன்னா எடுபடாது.

அப்புறம் மைக்கோபிளாஸ்மாங்கிற ரொம்பச் சின்ன பாக்டீரியா. மத்த பாக்டீரியா விழுந்தா மீடியா கலங்கிடும், உடனே தெரிஞ்சிடும். மைக்கோபிளாஸ்மா விழுந்தா எதுவுமே தெரியாது, மீடியா தெளிவா இருக்கும், சாதாரண மைக்ரோஸ்கோப்ல கண்ணுக்குச் சிக்காது, செல் சுவரே இல்லாததால மீடியால இருக்கிற பெனிசிலினும் அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா ஜீன் எக்ஸ்பிரஷன்ல இருந்து வளர்ற வேகம் வரைக்கும் எல்லாத்தையும் மாத்தி விட்டுடும். லேப்ல கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணாங்கன்னு கேளுங்க, "போன வருஷம்"னு பதில் வந்தா உங்க செல்லை நீங்களே பிசிஆர் வச்சு டெஸ்ட் பண்ணிடுங்க. செல் லைன் நிஜமாவே அந்த செல் லைன்தானான்னும் ஒரு சந்தேகம் இருக்கட்டும். 1951-ல ஒரு கேன்சர் கட்டியில இருந்து எடுத்த ஹீலா செல் எவ்ளோ வேகமா வளரும்னா பல லேப்ல மத்த கல்ச்சருக்குள்ள புகுந்து அதையே மூழ்கடிச்சிருக்கு, அதைத் தெரியாம வேற செல்லுன்னு நினைச்சுப் பேப்பர் போட்டவங்க ஏராளம். எஸ்டிஆர் ப்ரொஃபைலிங் (செல்லோட டிஎன்ஏ அடையாளத்தைப் பார்க்கிற டெஸ்ட்) ரிப்போர்ட் லேப்ல இருந்தா ஒரு காப்பி வாங்கி வைங்க, தீசிஸ்ல ஒரு வரி எழுதினா எக்ஸாமினர் கண்ணுல படும்.

லேப் நோட்டை அன்னன்னைக்கே எழுதுங்க. தேதி, பாசேஜ் நம்பர், ஆன்டிபாடியோட கேட்டலாக் நம்பர், லாட் நம்பர், எவ்ளோ நீர்க்கவச்சீங்க, ப்ரோட்டோகால்ல இருந்து எதை மாத்தினீங்க. "வழக்கம்போல பண்ணேன்"னு எழுதின ஒரு வரி ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே புரியாது. ட்யூப் மேல "சாம்பிள் 1"னு எழுதுறவங்களைப் பத்தி நான் எதுவும் சொல்றதா இல்ல.

என்-ஐ எண்ணத் தெரியணும்

வைவால மாட்டுற இடம் இது. ஒரே நாள்ல ஒரே ஃப்ளாஸ்க்ல இருந்து செல் எடுத்து மூணு வெல்லுல போட்டு மூணு ரீடிங் எடுத்தா என் (n, தனித்தனியா பண்ண எக்ஸ்பெரிமெண்ட்டோட எண்ணிக்கை) எவ்ளோ? ஒண்ணு. மூணு இல்ல. அந்த மூணும் டெக்னிக்கல் ரெப்ளிகேட், உங்க பிப்பெட்டிங் எவ்ளோ ஒழுங்கா இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும். வேற வேற நாள்ல, வேற வேற பாசேஜ்ல, ஆரம்பத்துல இருந்து முழுசா மூணு தடவை பண்ணாத்தான் என் மூணு. எலின்னா பொதுவா ஒவ்வொரு எலியும் ஒரு என், ஒரே எலியோட லிவர்ல இருந்து பத்து ஸ்லைடு எடுத்தாலும் அது பத்தாகாது. ஆனா மருந்தை குட்டி போடப்போற தாய்க்குக் கொடுத்திருந்தா குட்டிகளை எண்ணக்கூடாது, தாயைத்தான் எண்ணணும். இதை டிசைன் பண்ணும்போதே முடிவு பண்ணுங்க, டேட்டா வந்தப்புறம் இல்ல.

எந்த டெஸ்ட் போடப்போறீங்கன்னும் முன்னாடியே எழுதி வைங்க. உண்மையில எந்த வித்தியாசமும் இல்லாத டேட்டால பி வேல்யூ எல்லையை 0.05-னு வச்சு 20 தனித்தனி டெஸ்ட் போட்டா, அதுல ஒண்ணாவது "சிக்னிஃபிகண்ட்"னு வர்றதுக்கு 64 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அதனால மூணு குரூப்போ அதுக்கு மேலயோ இருந்தா ஜோடி ஜோடியா டி டெஸ்ட் போட்டுக்கிட்டு உட்காராம அனோவா (எல்லா குரூப்பையும் ஒண்ணா ஒப்பிடுற டெஸ்ட்) போட்டு, அதுக்கப்புறம் எந்த குரூப் வேறுபடுதுன்னு டன்னெட்டோ டூக்கியோ பார்க்கணும். எர்ரர் பார் என்னன்னு லெஜெண்டுல எழுதுங்க, எஸ்டியா (டேட்டா எவ்ளோ பரவியிருக்குன்னு) எஸ்இஎம்மா (சராசரி எவ்ளோ துல்லியம்னு). எஸ்இஎம் பார் சின்னதா அழகா தெரியும்ங்கிறதுக்காக அதைப் போடாதீங்க, மூணு நாலு பாயிண்ட்தான் இருக்குன்னா ஒவ்வொரு பாயிண்டையும் புள்ளியா காட்டிடுங்க, எக்ஸாமினருக்குப் பிடிக்கும். யுனிவர்சிட்டில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஹெல்ப் டெஸ்க் மாதிரி ஏதாவது இருந்தா எக்ஸ்பெரிமெண்ட்டுக்கு முன்னாடியே போங்க.

எக்செல்ல ஜீன் லிஸ்ட் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. செப்ட்2, மார்ச்1னு இருந்த ஜீன் பேரை எல்லாம் எக்செல் தேதியா மாத்திடும். இந்தத் தொல்லை தாங்காமத்தான் 2020-ல ஜீன் பேர் வைக்கிற கமிட்டியே அந்தப் பேரை எல்லாம் மாத்திடுச்சு, ஆனா பழைய டேட்டாசெட்ல பழைய பேர்தான் இருக்கும். அந்த நெடுவரிசையை (column) டெக்ஸ்ட் ஃபார்மட்ல இம்போர்ட் பண்ணுங்க. டேட்டா மொத்தத்தையும் குறைஞ்சது ரெண்டு இடத்துல வைங்க, அதுல ஒண்ணு யுனிவர்சிட்டி சர்வரா இருக்கட்டும். நோயாளிங்க விவரம் இருந்தா சொந்த யுஎஸ்பில போடவே கூடாது.

வேலை செய்யலன்னா

செய்யாது. முதல் தடவை எதுவும் செய்யாது. அப்போ பண்ண வேண்டியது ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாத்துறது. பதட்டத்துல ஆன்டிபாடி, பஃபர், டைம் மூணையும் ஒண்ணா மாத்தி, அது வேலை செஞ்சுட்டாலும் எதனாலன்னு தெரியாம நிப்பீங்க. லேப்ல பல வருஷமா இருக்கிற டெக்னீஷியன் அக்காவோ அண்ணனோ இருந்தா அவங்ககிட்ட போய்க் கேளுங்க, ப்ரோட்டோகால்ல எழுதாத விஷயம் முக்கால்வாசி அவங்ககிட்டதான் இருக்கு. ஒரு அஸேக்கு மூணு வாரம்னு கெடு வைங்க. அதுக்குள்ள வரலன்னா சூப்பர்வைசர்கிட்ட போய் பிளான் பி பேசுங்க, நாலாவது வாரம் தானா சரியாயிடும்னு உட்கார்ந்திருக்காதீங்க.

நெகட்டிவ் ரிசல்ட்டும் ஃபெயிலான எக்ஸ்பெரிமெண்ட்டும் ஒண்ணு இல்ல, இதைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா பாதி பயம் போயிடும். பாசிட்டிவ் கண்ட்ரோல் (கண்டிப்பா எஃபெக்ட் காட்டும்னு தெரிஞ்ச சாம்பிள்) ஒழுங்கா வேலை செஞ்சு, என் போதுமான அளவு இருந்து, உங்க மருந்து மட்டும் ஒண்ணும் பண்ணலன்னா அது ரிசல்ட், தாராளமா ஒரு சாப்டர் எழுதலாம். பாசிட்டிவ் கண்ட்ரோலும் வேலை செய்யலன்னா மருந்தைப் பத்தி உங்களால எதுவுமே சொல்ல முடியாது. அப்பாப்டோசிஸ் பார்க்கிறவங்க அப்பாப்டோசிஸை வரவைக்கிற ஸ்டாரோஸ்போரின் போட்ட ஒரு வெல்லை ஒவ்வொரு தடவையும் சேர்த்து வைக்கிறது இதுக்காகத்தான்.

சூப்பர்வைசரோட வாராவாரம் மீட்டிங் கேட்டு வாங்குங்க. ஒரு பக்கத்துல இந்த வாரம் என்ன பண்ணேன், என்ன வந்துச்சு, அடுத்து என்ன, எங்க மாட்டியிருக்கேன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சதும் என்ன முடிவாச்சுன்னு நாலு வரி மெயில் போடுங்க. "நான் அப்படிச் சொல்லலையே"ன்னு அடுத்த மாசம் வர்றது இதுலயே நின்னுடும். கெட்ட டேட்டாவை மறைக்காதீங்க, அவங்க பார்க்காத கெட்ட டேட்டாவா? அப்புறம், தூக்கம் வராம, காலையில லேப் போகவே பிடிக்காம வாரக்கணக்குல இருந்தா அதை சோம்பேறித்தனம்னு நினைச்சுக்காதீங்க, கோஆர்டினேட்டர்கிட்டயோ கவுன்சிலர்கிட்டயோ பேசுங்க, எக்ஸ்டென்ஷன்னு ஒண்ணு இருக்கிறதே இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

எழுதுறது

மெத்தட்ஸை முதல் மாசத்துலயே எழுத ஆரம்பிச்சுடுங்க. எக்ஸ்பெரிமெண்ட் முடிச்ச அன்னைக்கு எழுதினா அரை மணி நேரம், ஆறு மாசம் கழிச்சு எழுதினா அரை நாள், அதுவும் லாட் நம்பர் தேடி ஃப்ரிட்ஜைக் கிளறிக்கிட்டு. இன்ட்ரொடக்‌ஷனோட பாதி உங்க ப்ரொபோசல்லயே இருக்கு. டேட்டா வந்ததும் முதல்ல ஃபிகரைப் பண்ணுங்க, எல்லா ஃபிகரையும் தரையில பரப்பி வரிசையை மாத்தி மாத்திப் பாருங்க, வரிசை சரியா வந்துடுச்சுன்னா ரிசல்ட்ஸ் தானா எழுதிக்கும். நீங்க பண்ண வரிசையிலதான் எழுதணும்னு கட்டாயம் இல்ல, கேள்விக்குப் பதில் வர்ற வரிசையில எழுதுங்க. லெஜெண்டை மட்டும் படிச்சாலே ஃபிகர் புரியணும்: என்ன செல், என்ன டோஸ், எத்தனை என், எந்த டெஸ்ட், ஸ்டார் ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் அர்த்தம் என்ன.

டிஸ்கஷன்ல ரெண்டு விதமா சறுக்குவாங்க. ஒண்ணு, ரிசல்ட்ஸையே திரும்ப வேற வார்த்தையில எழுதுறது. இன்னொண்ணு, ஒரு செல் லைன்ல பார்த்துட்டு "இது கேன்சர் சிகிச்சைக்குப் புது வழியைத் திறக்கும்"னு எழுதுறது. உங்க டேட்டா ஏற்கனவே வந்த பேப்பரோட ஒத்துப்போகுதா, போகலன்னா டோஸா செல்லா டைமா எது காரணமா இருக்கலாம், அதை எந்த எக்ஸ்பெரிமெண்ட் பண்ணா தெரியும், இதை எழுதுங்க. அன்னைக்கு போட்ட அந்த டேபிள் இங்க கை கொடுக்கும். லிமிடேஷன் எழுதும்போது "நேரம் போதல"ன்னு எழுதாதீங்க, அது எல்லாருக்கும்தான் போதல. "நாங்க எம்ஆர்என்ஏ மட்டும்தான் பார்த்தோம், புரோட்டீன் ஏறிச்சான்னு தெரியாது"ன்னு குறிப்பா எழுதுங்க. நீங்களே சொல்லிட்டா எக்ஸாமினர் கேட்கிறதுக்கு ஒரு கேள்வி குறைவு. அப்ஸ்ட்ராக்ட் கடைசியில.

டிராஃப்ட்டை மொத்தமா கடைசியில கொடுக்காம சாப்டர் சாப்டரா கொடுங்க, எப்போ கொடுப்பேன் எப்போ திருப்பித் தருவீங்கன்னு தேதி பேசிக்கோங்க, ரெண்டு வாரமாவது அவங்களுக்கு வேணும். ஏஐ டூல் எதுக்குப் பயன்படுத்தலாம், எதைச் சொல்லியே ஆகணும்னு உங்க யுனிவர்சிட்டி ரூல் என்னவோ அதைப் படிச்சுடுங்க. அது கொடுக்கிற ரெஃபரன்ஸ் நிஜமாவே இருக்கான்னு ஒவ்வொண்ணையும் பப்மெட்ல தேடிப் பார்க்காம உள்ள விட்டுடாதீங்க, இல்லாத பேப்பரை எல்லாம் அது அழகா எழுதிக் கொடுக்கும்.

செமினாருக்கு ஒரு ஸ்லைடுக்கு ஒரு நிமிஷம்னு வைங்க, உங்க ஃபீல்டு இல்லாத ஒருத்தர்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்க. வைவால தெரியாத கேள்வி வந்தா "தெரியல, ஆனா இதைத் தெரிஞ்சுக்கணும்னா நான் இந்த எக்ஸ்பெரிமெண்ட் பண்ணுவேன்"னு சொல்லலாம், அதுக்கும் மார்க் உண்டு. உங்க மெத்தட்ல ஒவ்வொரு ஸ்டெப்பும் எதுக்குன்னு தெரியாம மட்டும் உள்ள போகாதீங்க. செல்லை உடைக்கிற ஆர்ஐபிஏ பஃபர்ல என்ன இருக்கு, ஏன் ஐஸ் மேலயே வச்சு பண்ணீங்கன்னு கேட்டா முழிக்கக்கூடாது.

சப்மிட் பண்ணிட்டு ஓடிடாதீங்க, ஒரு வாரம் லேபுக்கு ஒதுக்குங்க. மிச்சம் இருக்கிற சாம்பிளுக்கு எந்த ஃப்ரீசர், எந்த ராக், எந்த பாக்ஸ், எந்தக் குழின்னு ஒரு ஷீட் போடுங்க, லேபிள் இல்லாத ட்யூபைத் தூக்கி ஒழுங்கான கழிவு டப்பால போடுங்க. நீங்க வளர்த்த செல்லுல ரெண்டு மூணு வயலை பாசேஜ் நம்பரோட ஃப்ரீஸ் பண்ணுங்க, ப்ரைமர் சீக்வென்ஸ், ப்ரோட்டோகால், ரா டேட்டா, கிராஃப் ஃபைல் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வச்சு ஒரு ரீட்மி எழுதுங்க, லேப் நோட்டை சூப்பர்வைசர்கிட்ட ஒப்படைங்க, ஒரிஜினல் லேபுக்குத்தான் சொந்தம், காப்பி வேணும்னா கேட்டு எடுத்துக்கோங்க. ரெக்கமெண்டேஷன் லெட்டரும் இந்த வாரமே கேட்டுடுங்க. உங்க டேட்டா எப்பவாவது பேப்பரா வந்தா ஆத்தர் லிஸ்ட்ல உங்க பேரு எங்க வரும்ங்கிறதையும் இப்பவே உட்கார்ந்து பேசி ஒரு மெயிலா போட்டு வச்சுடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சுப் பேசினா யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது, அப்போ யுனிவர்சிட்டி மெயிலும் க்ளோஸ் ஆயிருக்கும், அதனால சொந்த மெயில் ஐடியையும் மறக்காம கொடுத்துட்டு வாங்க.